சீர்திருத்தவாதி, புரட்சியாளர், போராளி: மூன்றும் ஒன்றுதானா?

கேள்வி: சமூகத்தில் மாற்றம் வேண்டும் என்பவர்களைச் சீர்திருத்தவாதி என்கிறார்கள், புரட்சியாளர், போராளி என்றும் சொல்கிறார்கள். எதை எங்கே பயன்படுத்துவது?

மூன்றும் ஒன்றில்லை. நான் பிழைதிருத்தும் வேலையில் இருப்பவன். இந்தச் சொற்கள் இடம் மாறி வருவதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு கட்டுரையில் பகத்சிங்கைச் 'சமூகச் சீர்திருத்தவாதி' என்று எழுதியிருந்தார்கள். பாராட்டாகத்தான் எழுதினார்கள். ஆனால் 1931இல் தூக்குமேடை ஏறிய அந்த மனிதர் ஆங்கிலேய ஆட்சியைச் சீர்படுத்தக் கேட்கவில்லை, அது போக வேண்டும் என்றார். புரட்சியாளர் என்று மாற்றிவிட்டேன்.

'திருத்து' என்ற வினையைப் பாருங்கள். விடைத்தாளைத் திருத்துகிறோம், காடு திருத்திக் கழனியாக்குகிறோம். நமக்கு வேண்டிய ஒன்றைத்தான் திருத்துவோம். வேண்டாததைத் திருத்த யார் மெனக்கெடுவார்கள்? சீர்திருத்தவாதிக்குத் தான் திருத்த வந்த பொருள்மீது பற்று உண்டு. அந்தப் பற்று இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, எனக்கு இது பிடித்துப்போனதும் அதனால்தான்.

இதற்கு நல்ல உதாரணம் எழுத்துச் சீர்திருத்தம். முன்பு லை, னை போன்ற எழுத்துகளில் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும். பெரியார் 1935இல் தன் குடிஅரசு இதழில் எளிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978இல் அவற்றை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஐ, ஔ இரண்டையும் விட்டுவிடலாம் என்ற அவரது யோசனையை மட்டும் ஏற்கவில்லை. வடிவம் மாறியது, எழுத்தும் ஒலியும் அப்படியே இருந்தன. இதைப் புரட்சி என்றால் பொருந்தாது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். உடன்கட்டை ஏறுவதை எதிர்த்த ராஜாராம் மோகன்ராய் அந்த வழக்கத்தைத் திருத்தச் சொல்லவில்லை, ஒழிக்கத்தான் சொன்னார். 1829இல் தடையும் வந்தது. அவரை ஏன் சீர்திருத்தவாதி என்கிறோம்? எனக்கும் இது வெகுநாள் உறுத்தியது. அவர் திருத்த நினைத்தது சமூகத்தை, அந்த வழக்கம் அதில் இருந்த பிழை. தாளைத் திருத்துகிறவர் பிழையை அடித்துவிட்டுத் தாளை வைத்துக்கொள்வார் இல்லையா, அப்படித்தான்.

புரட்சி வேறு வினையிலிருந்து வருகிறது. வறள் என்பது வறட்சி ஆவதுபோல, புரள் என்பது புரட்சி ஆகிறது. கீழே கிடப்பது மேலே வர வேண்டும், மேலே இருப்பது கீழே போக வேண்டும். பழைய அமைப்பை வைத்துக்கொண்டு ஒட்டுப்போடுவதில் புரட்சியாளருக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம் போராளி. இது நோக்கத்தைச் சொல்லும் சொல் இல்லை, ஒருவர் விடாமல் எதிர்த்து நிற்பதைச் சொல்வது. அதனால் மற்ற இரண்டோடும் சேர்ந்து வரும். தேவதாசி முறைக்கு எதிராக 1920களிலேயே சட்டமன்றத்தில் குரல் கொடுத்தவர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. அவரைச் சீர்திருத்தவாதி என்றாலும் சரி, போராளி என்றாலும் சரி.

சொல்பவர் யார் என்பதையும் கவனியுங்கள். பொதுப் பேச்சில் சீர்திருத்தவாதி என்பது மதிப்பான சொல். இடதுசாரி எழுத்துகளில் அதுவே குற்றச்சாட்டாக வரும். முதலாளித்துவத்தைக் கவிழ்க்காமல் படிப்படியாகச் சரிசெய்யலாம் என்று 1890களின் இறுதியில் ஜெர்மானிய சோசலிஸ்டான பெர்ன்ஸ்டைன் வாதிட்டார், அதே இயக்கத்தைச் சேர்ந்த ரோசா லக்சம்பர்க் அதைக் கடுமையாக மறுத்தார். அந்த விவாதத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. மார்க்சியக் கொள்கையையே திருத்தப் பார்ப்பவர் என்ற பொருளில் 'திருத்தல்வாதி' என்று இடதுசாரி எழுத்துகளில் ஒருவரைச் சொன்னால் அது வசைதான். அதை எங்காவது பார்த்தால் சீர்திருத்தவாதி என்று மாற்றிவிடாதீர்கள், எழுதியவர் தெரிந்தேதான் எழுதியிருப்பார்.