வீட்டிலேயே கிட் கார் பூட்ட 1,500 வெள்ளிக்கு என்ன கருவிகள் வாங்கலாம்?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். சிராங்கூன் கார்டன்ஸில் என் மாமாவின் தரைவீட்டு போர்ச் ஓராண்டுக்குக் கிடைத்திருக்கிறது. லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் காரின் பாணியில், பாகங்களாகப் பெட்டியில் வரும் கிட் ஒன்றை பிரிட்டனிலிருந்து வரவழைத்து நானே பூட்டி முழுக் காராக்க ஆசை. கருவிகளுக்கு 1,500 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். எதை வாங்க வேண்டும், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: தம்பி, கருவிக்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசிவிடுவோம். லோட்டஸ் செவன் 1957-ல் வந்தபோது பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பெட்டியில் வரும் பாகங்களுக்குக் கிடையாது. கிட் கார் அங்கே செழித்ததற்கு அந்த வரி ஒரு பெரிய காரணம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. பிரித்து அனுப்பிய பொருளையும் முழுப் பொருளாகவே வகைப்படுத்துவது சுங்கத்துறைகளின் பொது விதி. சாலையில் ஓட்ட வேண்டுமென்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழும் வேண்டும். பெட்ரோல் கார்களுக்கு 2017 செப்டம்பர் முதல் யூரோ 6 புகைத் தரம் கட்டாயம். கிட்டில் பழைய காரிலிருந்து கழற்றிய இன்ஜினைப் பொருத்தினால் அது அந்தத் தரத்தை எட்டுவது கடினம். அதனால் முன்பணம் கட்டும் முன் ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். பூட்டும் அனுபவத்துக்காகவே இதைச் செய்கிறேன் என்று மனம் ஒப்பினால் மட்டும் இறங்குங்கள். அப்படி இறங்கினால் அருமையான வேலை இது.

சரி, கருவிக்கு வருவோம். உங்கள் உயிரைத் தாங்குவதிலும் இறுக்கத்தை அளப்பதிலும் காசு பார்க்காதீர்கள். மற்றதில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம்.

முதலில் ஜாக்கும் ஸ்டாண்டும். காரைத் தூக்க இரண்டு டன் டிராலி ஜாக் ஒன்று, தூக்கிய காரைத் தாங்கி நிற்க ஆக்சில் ஸ்டாண்ட் நான்கு. செவன் பாணிக் கார் 500, 600 கிலோதான் இருக்கும், எடை பிரச்சினையே இல்லை. ஆனால் ஸ்டாண்டின் மேல் எழுதிய தாங்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். நான் தொழில் பழகிய பட்டறையில் ஒருநாள், ஜாக்கின் ஆயில் சீல் விட்டுப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கார் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. அடியில் யாரும் இல்லை. அன்றிலிருந்து ஸ்டாண்ட் இல்லாத காருக்கு அடியில் நான் தலையை நீட்டியதே இல்லை. உங்கள் மாமாவின் போர்ச்சில் டைல்ஸ் போட்டிருந்தால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே கனமான பிளைவுட் பலகை வையுங்கள். ஸ்டாண்டின் கால் முனையில் பாரம் முழுவதும் குவிந்தால் டைல் வெடித்துவிடும். மழைநீர் வடிய நம் போர்ச்சுகளைச் சரிவாகத்தான் கட்டுவார்கள். ஸ்பிரிட் லெவல் வைத்து, இருப்பதிலேயே சமமான இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்க உதவும் கருவி. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிட் கார் வேலையில் பாதி போல்ட் முறுக்குவதுதான். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இறுக்குகிறது. மிச்சமெல்லாம் மரையிலும் தலைக்கடியிலும் உராய்வாகப் போய்விடும். அதே மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே அளவு முறுக்குக்கு போல்ட் அதிகமாக இழுபடும், அறுந்தும் போகலாம். கிட்டோடு வரும் கையேடு உலர்ந்த மரைக்குச் சொல்கிறதா, எண்ணெய் பூசியதற்கா என்று பார்க்காமல் முறுக்காதீர்கள். ஒரே ரெஞ்ச் போதாது: 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை சின்னது ஒன்று, 40 முதல் 200 வரை பெரியது ஒன்று. குறித்த அளவை எட்டியதும் கிளிக் என்று ஒலிக்கும் வகை ரெஞ்சை அதன் அளவுகோலின் அடிப்பகுதியில் நம்பக் கூடாது. வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள். நட்டைக் கழற்ற அதைத் தொடவே தொடாதீர்கள். ஜாக், ஸ்டாண்டுக்கும் டார்க் ரெஞ்சுகளுக்கும் சேர்த்துப் பாதிப் பணம் போனாலும் வருத்தப்பட வேண்டாம்.

சாக்கெட் செட் நடுத்தர விலையில் போதும். ஆனால் ஆறு முனை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையைப் பிடிக்கும், மூலை மழுங்கினால் தலைவலி. பிரிட்டிஷ் கிட்டில் மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு நடுவே அங்குல அளவும் எட்டிப் பார்க்கும். சீட் பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல யுஎன்எஃப் என்ற அங்குல மரைதான். 12.7 மில்லிமீட்டர் தலையில் 13 ஸ்பேனரை மாட்டி வழுக்கவிடாமல், அங்குல ஸ்பேனர் சிலவற்றைத் தனியாக வாங்கி வையுங்கள்.

ரிவெட் அடிக்க நீளக் கை உள்ள ரிவெட்டர் வாங்குங்கள். அலுமினியத் தகடுகளை எஃகுச் சட்டத்தில் பொருத்த நூற்றுக்கணக்கில் ரிவெட் அடிக்க வேண்டும், சின்னக் கைக்கருவியில் மணிக்கட்டு போய்விடும். டிரில் எந்திரம் மலிவாக இருக்கலாம், பிட் மலிவாக இருக்கக் கூடாது: 4.8 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 4.9 மில்லிமீட்டர் பிட். அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் நம் ஊர் ஈரப்பதம் அரிப்பை விரைவாக்கும், ஆகவே இடையில் சீலண்ட் தடவாமல் ஒரு தகட்டையும் மூடாதீர்கள். மல்டிமீட்டர் மிக மலிவானதே போதும். வயர் முனையில் கனெக்டரை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பர் மட்டும் ராட்செட் வைத்ததாக இருக்கட்டும்.

வெல்டிங் மெஷின் வாங்காதீர்கள். காரின் எஃகுச் சட்டம் பற்றவைத்துத்தான் வரும், உயிர் போகிற இடத்தில் பழகக் கூடாது. இன்ஜின் தூக்கும் கிரேன் ஒருநாள் வேலைக்கு மட்டும்தான், வாடகைக்கோ இரவலுக்கோ பாருங்கள். ஸ்பேனர், சுத்தியல், வைஸ் எல்லாம் பழையதாகவே வாங்கலாம். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017-ல் மூடியபின் அப்படித் துழாவ ஒரு இடம் இல்லாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான், இப்போது கேரோசெல் இணையச் சந்தையில் தேடுங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கவும் முடியும். பழைய ஜாக், பழைய டார்க் ரெஞ்ச் மட்டும் வேண்டாம்.

பிரேக் ஆயிலைச் சின்னப் பாட்டிலாக, தேவைப்படும் வாரத்தில் வாங்குங்கள். திறந்த பாட்டில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும். ஸ்பேனர்களையும் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடிய பெட்டியில் வையுங்கள். போர்ச்சில் திறந்து கிடந்தால் சில வாரங்களிலேயே துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.