கூலி எழுதாத நோட்டு

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஒன்பது வருஷமாகச் சின்னதாக ஒரு சைவ ஹோட்டல் நடத்துகிறேன். அப்பா கட்டின வீட்டின் முன்பக்கம்தான் கடை, அதனால் வாடகை கிடையாது. காலையில் இடியாப்பம், தேங்காய்ப்பால். மதியம் சாப்பாடு. சாயங்காலம் வாழைப்பூ வடையும் பரோட்டாவும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடியாப்பத்துக்குப் பதிலாகச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) சாப்பாடு. ஆள் கூலி ஏறிக்கொண்டே போகிறது. பரோட்டா மாஸ்டருக்கு நாளைக்கு 1,000 ரூபாய், கையாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய். சரக்குப் போகப் பரோட்டாவில் 1,900 நின்றால், இரண்டு பேர் கூலி போக எனக்கு மிஞ்சுவது 300தான். இடியாப்பத்தில் அப்படி இல்லை. 25 தட்டு விற்றால் 1,000 ரூபாய், சரக்கு 380. மிச்சம் 620 அப்படியே லாபம். அதையெல்லாம் அம்மாவும் அக்காவும் பார்த்துக்கிடுவார்கள், கூலிச் செலவு இல்லை. அத்தான் தவறின பிறகு அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். சாப்பாடு, இடம் எல்லாம் கொடுத்து, அவள் மகளுக்குக் காலேஜ் பீஸ் வருஷம் 35,000 ரூபாயும் நான்தான் கட்டுகிறேன். அம்மாவுக்கு 68 வயது, தோள்வலி வேறு. பரோட்டாவை நிறுத்திவிட்டு இடியாப்பத்தைக் கூட்டலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர், வாழை இலை, துடைக்கிற துணி வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு கிளறிப் பிழிகிற இரண்டு பேருக்கு நேரே ஒரு கோடு கிழித்து விட்டிருக்கிறீர்கள். ‘பார்த்துக்கிடுவார்கள்.’ கடிதம் முழுக்கப் பரோட்டா மாஸ்டரைப் பற்றிப் புலம்பினாலும் என் கண் அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை.

அக்காவின் நாளை உங்கள் எழுத்தில் இருந்தே எடுக்கிறேன். காலை 4 மணி முதல் 8.30 வரை இடியாப்பம். மதியம் 1 மணியில் இருந்து 3 மணி வரை வாழைப்பூ ஆய்வது. அதற்குப் பிறகு 4.30 வரை மறுநாளைக்கு உள்ளி உரிப்பது. மொத்தம் எட்டு மணி நேரம். கையாளுக்குக் கொடுக்கிற அதே கூலியைப் போட்டால் நாளைக்கு 600 ரூபாய். ஞாயிற்றுக்கிழமையாவது படுக்கலாமா என்றால் அன்றைக்குத்தான் சொதி. மாதத்துக்கு 18,000 பக்கம், வருஷத்துக்கு 2,16,000. இதில் 35,000 ரூபாயை எடுத்து அவள் மகளுக்கே கட்டிவிட்டு, நான் கட்டுகிறேன் என்று எனக்கும் எழுதுகிறீர்கள். அந்தப் பீஸை அக்காதான் கட்டுகிறாள். மீதி ஒரு லட்சத்து எண்பத்தோராயிரத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாப்பாடு போடுகிறேன் என்கிறீர்கள். உங்கள் கையாளும் உங்கள் கடையில்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறார். அவர் கூலியில் சோற்றுக்குப் பிடிக்கிறீர்களா? பிடித்துப் பாருங்கள், மறுநாளே பாபநாசம் பக்கம் வேறு கடைக்குப் போய்விடுவார். அக்கா எங்கே போவாள்?

இடம் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். யார் இடம்? அப்பா கட்டின வீடு என்று நீங்களே சொல்கிறீர்கள். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்த மகள், திரும்பி வந்த மகள் என்றெல்லாம் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் மூன்று பேர் மட்டும்தான் வாரிசு என்றால் அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவளுடையது. நீங்கள் வாடகை இல்லாமல் கடை நடத்துவது அவள் இடத்திலும் சேர்த்துத்தான்.

குடும்பத்துக்குள்ளே என்ன கணக்கு என்று இதற்குள் மனதில் கேட்டிருப்பீர்கள். இந்தக் கேள்வியோடு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மூட்டை கட்டலாம். என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பொங்குவதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. அம்மா பிள்ளைக்குப் போடுகிற சோற்றுக்கும், அக்கா தம்பிக்கு ஊற்றுகிற குழம்புக்கும் விலை பேசுகிற வீடு எனக்குப் பிடிக்காது. ஆனால் அதே இடியாப்பத்தைத் தட்டில் வைத்து 40 ரூபாய்க்கு விற்றால் அது வீட்டுச் சமையல் இல்லை, வியாபாரம். வியாபாரத்தில் உழைக்கிறவருக்குக் கூலி உண்டு. நம் பக்கத்தில் முக்கூடல், ஆலங்குளம் என்று ஊர் ஊராகப் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். கூலி குறைவுதான், ஆனாலும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு, பிராவிடண்ட் ஃபண்ட் கூட உண்டு. உங்கள் அக்காவுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்குள் பெண்கள் பார்க்கிற சோலிக்கும் மதிப்பு உண்டென்று சொல்லி, 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கமே குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. கூடப் பிறந்த உங்களுக்கு அது தோன்றவில்லை.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். உங்கள் நோட்டு நியாயத்தில் மட்டும் தப்பு என்றால் திட்டியதோடு விட்டிருப்பேன். கணக்கிலும் தப்பு.

எந்த அயிட்டத்தை வைப்பது, எதை விடுவது என்று பார்க்க, விற்ற பணத்தில் சரக்கைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அதற்குப் போன மணி நேரத்தால் வகுக்க வேண்டும். கூலி வாங்குகிற கை, வாங்காத கை என்று பிரிக்காமல் எல்லாருடைய நேரத்தையும் சேர்க்க வேண்டும். இடியாப்பத்துக்கு இரண்டு பெண்கள் நாலரை மணி நேரம், ஆக ஒன்பது மணி நேரம். 620ஐ ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 69 ரூபாய் கூடத் தேறவில்லை. கையாளுக்கு நீங்கள் கொடுப்பதே 75. பேர் வாங்கின அயிட்டம் என்று நீங்கள் கொண்டாடுகிற இடியாப்பம், கேஸ் செலவைச் சேர்க்காமலே நஷ்டத்தில் ஓடுகிறது. அந்த நஷ்டத்தை அக்காவும் அம்மாவும் தூக்கத்தைக் கொடுத்து அடைக்கிறார்கள்.

சொதி அப்படி இல்லை. 40 சாப்பாடு, 130 ரூபாய் வீதம் 5,200. சரக்கு 2,300 போக 2,900. இரண்டு பேரும் காலை நான்கில் இருந்து பதினொன்று வரை நின்றால் பதினான்கு மணி நேரம், மணிக்கு 207 ரூபாய். தேங்காய் துருவி, மூன்று பால் பிழிந்து, இஞ்சித் துவையலும் அரைக்கிற வேலை லேசானது இல்லை. ஆனாலும் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கிற சாப்பாடு என்பதால் ஜனம் 130 கொடுக்கிறது. 150 என்றாலும் கொடுக்கும். (இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி போடுகிற கடைகளும் வந்துவிட்டன. அந்தப் பாவத்தை நீங்கள் செய்யவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.) வாழைப்பூ வடையும் தேறுகிறது. 60 வடையில் சரக்குப் போக 490 நிற்கிறது. ஆய்வதற்கு இரண்டு மணி, அரைத்துப் பொரிக்க ஒரு மணி என்று வைத்தாலும் மணிக்கு 160க்கு மேல் வருகிறது. ஒரு பூவில் ஒவ்வொரு இதழாகப் பிரித்து, உள்ளே இருக்கிற கள்ளன் என்கிற நரம்பை எடுத்து முடிப்பதற்குள் விரல் நகமெல்லாம் கறுத்துப் போகும். அந்தக் கறை மோரில் கழுவினாலும் முழுசாகப் போகாது. வடையை எடுத்துத் தின்கிறவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. 12 ரூபாய் விலை வைக்கிற உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பரோட்டாவில் 300தான் மிஞ்சுகிறது என்று நிறுத்தப் பார்க்கிறீர்கள். கையாள் ராத்திரி வரை பாத்திரம் கழுவுவதற்கும் டீக்கும் எப்படியும் வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது பரோட்டாவை நிறுத்தினால் மிச்சமாவது மாஸ்டரின் 1,000 மட்டும், கையை விட்டுப் போவது 1,900. ஒரு அயிட்டத்தை எடுத்துவிட்டால் அதோடு எந்தக் கூலி நிஜமாகவே நிற்கும் என்றுதான் பார்க்க வேண்டும். பரோட்டா ஓடட்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். போன வருஷம் மாஸ்டருக்காக மாவு பிசைகிற இயந்திரம் வாங்கியிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாம். அம்மாவும் அக்காவும் இன்னும் அருவாமணையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார்கள். மோட்டார் வைத்த துருவி பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் கடை கடையாக இருக்கிறது. உங்கள் கண்ணில் படவில்லை, ஏனென்றால் மாஸ்டரின் ஒரு மணி நேரத்துக்கு விலை போட்டு வைத்திருக்கிறீர்கள், இவர்களுடையதற்குப் போடவில்லை. விலை போடாத உழைப்பை யாரும் மிச்சம் பிடிக்க நினைப்பதில்லை. உங்கள் அம்மாவின் தோள்வலி அங்கே இருந்து வந்தது.

அதனால் வார நாளில் இடியாப்பத்தை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை சொதிக்கு எப்படியும் தேங்காய் பிழிவதால், அன்றைக்கு மட்டும் சொதியோடு இடியாப்பம் என்று போட்டு 60 ரூபாய் வையுங்கள். பிழிவதற்குக் கூலிக்கு ஒரு ஆள் வரட்டும். வார நாள் காலைக்கு என்ன செய்வது என்றால் இட்லி ஊற்றுங்கள். மாவரைக்க கிரைண்டர் இருக்கிறது, தட்டை ஏற்றி இறக்கக் கையாளே போதும். இடியாப்பத்துக்காகவே வருகிறவர்கள் நான்கு பேர் முகம் சுளிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் கூலி என்று பேச்சை எடுத்தால் அவர்களே சண்டைக்கு வருவார்கள். அந்த வயதில் வேண்டியது கூலி இல்லை, ஓய்வு. நான்கு மணிக்கு அவர்களை எழுப்பாமல் இருந்தாலே பாதி கடமை செய்த மாதிரி. சொதிக்குப் பருவம் பார்த்துச் சொல்ல மட்டும் அடுப்படிக்கு வரட்டும். கிளறுகிற கை வேறு யாருடையதாவது இருக்கட்டும்.

அக்காவுக்கு, இடியாப்பம் போனபின் வார நாளில் மூன்றரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி நேரமும் வரும். மாதம் 9,000 பக்கம். கல்லாவில் குறையும்தான். இத்தனை நாள் அங்கே கூடுதலாகக் கிடந்தது உங்கள் பணம் இல்லை என்பதால் குறைவது நியாயம். பீஸை இதில் கழிக்காதீர்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் செய்கிற கடமை அது, அதைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடக் கூடாது.

ஒன்றாம் தேதி தபால் ஆபீசில் அக்கா பேரில் கணக்கு ஆரம்பித்து அதில் போடுங்கள். பாஸ்புக் அவளிடமே இருக்கட்டும். ரொக்கமாகக் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுநாளே ‘கடைக்கு வச்சுக்கோ’ என்று திருப்பித் தந்துவிடுவாள், நீங்களும் வாங்கிக்கொள்வீர்கள்.