ஜி7 ஆல்டர்ட் கோர்டுக்கு (chord) ஆர்பெஜியோ பழகுவது எப்படி?

கிளிநொச்சியில் கிற்றார் சொல்லித்தர ஆள் இல்லை, ஜி7 ஆல்டர்ட் ஆர்பெஜியோவை, அதாவது அந்தக் கோர்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பதை, தனியே பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக.

ஆல்டர்ட் என்றால் ஐந்தாம், ஒன்பதாம் சுரங்களை அரைச்சுரம் ஏற்றியோ (ஷார்ப்) இறக்கியோ (பிளாட்) வாசிப்பது. அதற்கென்று புது வடிவம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எஃப் மைனர் 7 பிளாட் 5 என்ற கோர்ட் தெரியுமா? அதையே ஜி7க்கு மேல் வாசியுங்கள். எஃப், ஏ பிளாட், பி, ஈ பிளாட். ஜியிலிருந்து எண்ணினால் இவை பிளாட் ஏழு, பிளாட் ஒன்பது, மூன்று, ஷார்ப் ஐந்து. வேண்டியது எல்லாம் வந்துவிட்டது.

கட்டங்கள் (ஃப்ரெட்) இவை: ஐந்தாம் தந்தியில் 8, 11, நாலாம் தந்தியில் 9, மூன்றாம் தந்தியில் 8. அந்தக் கடைசி ஈ பிளாட்டில் நிற்காமல் 9ஆம் கட்டத்துக்கு ஏறுங்கள். அது ஈ, சி மேஜரின் மூன்றாம் சுரம்; ஜி7 போய்ச் சேரும் சி மேஜரில் இறங்கிவிட்டீர்கள். வற்றாப்பளைப் பொங்கலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதென்றால், சியை சட்ஜமாக வைத்துப் பாருங்கள்: சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது, அவ்வளவுதான்.

ஜி7ஐயும் சியையும் இரண்டிரண்டு பார் (தாளச் சுற்று) போனில் பதிந்து, அதற்கு மேல் வாசியுங்கள். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60க்கு மேல் போகவேண்டாம். வேகமாக வாசித்தால் பிழையும் ஆல்டர்ட் மாதிரித்தான் கேட்கும், நான் ஒரு வருசம் அப்படித்தான் ஏமாந்தேன்.