ஆறாம் ஸ்குவாட்ரன், லிபரேட்டர் – கடிதம்

வணக்கம்.

இந்திய விமானப்படையின் வேவுப் பிரிவான ஆறாம் ஸ்குவாட்ரன் நம் திருச்சியில் தொடங்கப்பட்டது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் பெங்களூரு முருகேஷ்பாளையாவில் இருக்கிறேன். அப்பா இங்கே எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். "குப்பையில கிடந்த லிபரேட்டரைக் கொண்டாந்து பறக்க விட்டோம், அதுதான் அப்புறம் கடலைக் காவல் காத்துச்சு" என்று அடிக்கடி சொல்வார். கதை விடுகிறார் என்று நாங்கள் சிரிப்போம். இப்போது அவர் இல்லை. அவர் சொன்னது உண்மையா? உண்மை என்றால், வேவு விமானங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏன் ஜக்கி நாத் போன்ற விமானிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்?

க.

அன்புள்ள க.,

அப்பா சொன்னது உண்மை. கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கான்பூரின் சகேரி விமானத் தளத்தில் லிபரேட்டர்கள் வரிசையாக நின்றன. அமெரிக்காவில் செய்யப்பட்டு, பிரிட்டிஷ் விமானப்படைக்குக் கடனாகத் தரப்பட்ட நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் அவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மறுபடி யாரும் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். சுதந்திரம் கிடைத்த இந்தியாவிடம் கனரக குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. காஷ்மீரில் சண்டை தொடங்கிவிட்டது. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. அப்போதுதான் பெங்களூரு தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள்.

அங்கே அவர்கள் செய்த வேலை இது: சேதம் குறைந்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பது, பக்கத்தில் கிடப்பதிலிருந்து பாகங்களைக் கழற்றி இதில் பூட்டுவது, பெங்களூரு வரை ஒரே ஒரு தடவை பறந்து வந்தால் போதும் என்கிற அளவுக்குத் தேற்றுவது. அப்படித் தேற்றியதை ஓட்டி வந்தவர் ஜாம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி. அந்தப் பறத்தலை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ஒட்டுப்போட்ட உடல், யாரோ உடைக்கப் பார்த்த இன்ஜின்கள், ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். ஒரு விமானத்தோடு முடிந்த வேலையும் இல்லை. சுமார் 40 விமானங்கள் இப்படி வந்தன. பெங்களூரில் ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டு முழு ஓவர்ஹால் செய்தார்கள். 1948 நவம்பரில் இவற்றைக் கொண்டே ஐந்தாம் ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது.

இந்தத் துணிச்சல் திடீரென்று வந்ததல்ல. வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து 1940 டிசம்பரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் பழுதுபார்க்கும் கூடமாக மாறியிருந்தது. கடல் வேவுக்கான கேட்டலினா படகு விமானங்கள் நம் பெள்ளந்தூர் ஏரியில் வந்து இறங்கி அங்கேதான் பழுது பார்த்துக்கொண்டன. இன்று அந்த ஏரியைப் பார்க்கிறவர்களுக்கு நம்புவது கஷ்டம். கேட்டலினாவில் இருந்ததும் லிபரேட்டரில் இருந்ததும் ஒரே குடும்பத்து பிராட் அண்ட் விட்னி இன்ஜின். உங்கள் அப்பாவின் தலைமுறைத் தொழிலாளிகளுக்கு அது பழகிய பொருள்.

சரி, ஆறாம் ஸ்குவாட்ரனுக்கு வருகிறேன். 1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில், மெஹர் சிங் தலைமையில் தொடங்கப்பட்டது. 1943 இறுதியில் ஹரிக்கேன் விமானங்களோடு பர்மா முனைக்குப் போய், காக்ஸ் பஜாரில் இருந்து வேலை செய்தது. இரண்டிரண்டாகப் பறப்பார்கள். ஒருவர் கீழே பார்த்துப் படம் எடுப்பார். இன்னொருவர் அவர் முதுகைக் காப்பார். ஜப்பானியர் பகலில் காட்டுக்குள் மறைந்து இரவில் நகர்கிறவர்கள். ஆற்றங்கரையில் புதிதாக முளைத்த ஒரு பாதை, நேற்று இல்லாத ஒரு சாம்பான் படகு, இவற்றைக் கண்டுபிடிக்க மரத்தை உரசுகிற உயரத்தில் பறந்தார்கள். பர்மாவில் ஜப்பானியரோடு போரிட்ட பிரிட்டிஷ் தரப்புப் படைதான் பதினான்காம் ராணுவம். 'பதினான்காம் ராணுவத்தின் கண்கள்' என்று அந்த ஸ்குவாட்ரனுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

பிரிவினையை ஒட்டிக் கலைக்கப்பட்ட ஸ்குவாட்ரனை 1951 ஜனவரியில் புனேயில் மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை வேலை கடல் வேவு. விமானம், உங்கள் அப்பாவின் லிபரேட்டர். பத்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பறக்கக்கூடிய விமானம் என்பதால் அரபிக்கடலில் வெகுதூரம் போய்த் திரும்ப முடிந்தது. 1968 முடிவில்தான் ஓய்வு கொடுத்தார்கள். உலகில் வேறெந்த விமானப்படையும் அவ்வளவு காலம் லிபரேட்டரைப் பறக்கவிடவில்லை. அழித்துவிட்டதாக எழுதிக் கணக்கு முடித்த விமானங்கள் 20 வருடம் உழைத்திருக்கின்றன!

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. ஜக்கி நாத்துக்குக் கிடைத்த புகழில் ஒரு துளிகூடக் குறைக்க மாட்டேன். 1962-இலும் 1965-இலும் இரண்டு முறை மகாவீர் சக்கரம் என்ற வீர விருதைப் பெற்ற முதல் மனிதர் அவர். அவருடைய 106-ஆம் ஸ்குவாட்ரன் பறந்தது ஆயுதமில்லாத கேன்பெரா ஜெட் விமானத்தில். 1959 ஏப்ரலில் ராவல்பிண்டி அருகே அந்த ஸ்குவாட்ரனின் ஒரு விமானத்தைப் பாகிஸ்தான் சுட்டு வீழ்த்தியது. கார்கில் சமயத்தில், 1999 மே 21 அன்று, ஸ்குவாட்ரன் லீடர் பெருமாள் ஓட்டிய கேன்பெரா ஏவுகணையால் அடிபட்டு ஒற்றை இன்ஜினோடு ஸ்ரீநகரில் இறங்கியது. பெயர் சொல்ல வேண்டிய ஆட்கள்தான் எல்லோரும்.

ஆனால் மற்ற விமானங்களைவிட வேவு விமானம் அதிகமாகத் தரையை நம்பிப் பறக்கிறது. குண்டு விழுந்த இடத்திலேயே குண்டின் வேலை முடிந்துவிடும். ஃபிலிம் தரைக்கு வந்த பிறகுதான் அதன் வேலை தொடங்குகிறது. அதைக் கழுவி அச்சிட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் படிகிற மாதிரி எடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் கருவியின் கீழ் வைத்து, மேடு எது பள்ளம் எது, லாரி எது நிழல் எது என்று ஒருவர் கண் எரிய எரியப் பார்க்க வேண்டும். அவர் பெயர் எந்தப் பதக்கச் சான்றிலும் வராது. ஷாப் ஃப்ளோரில், அதாவது தொழிற்சாலைப் பட்டறையில், ரிவெட் அடித்தவர் பெயரும் வராது. விமானிக்குப் பறத்தல் குறிப்பேடு இருக்கிறது, ஃபிட்டருக்கு இருந்தது ஜாப் கார்டு. முதலாவதைப் பத்திரப்படுத்துகிறோம், இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். விமானிகளோடு நின்றுவிடுகிற ஸ்குவாட்ரன் வரலாறு பாதி வரலாறுதான் என்று நினைக்கிறேன். ஆறாம் ஸ்குவாட்ரனுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பின்னாளில் அது வாங்கிய கடல்சார் ஜாகுவார் போர் விமானங்களும் பெங்களூரில் உருவானவையே.

டெல்லி போனால் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் நிற்கிறது, பேரப் பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். வீட்டில் அப்பாவின் டோக்கன், சம்பளச் சீட்டு, ஷாப்பில் எடுத்த குரூப் போட்டோ எதுவும் இருக்கிறதா? இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். போட்டோவில் இருப்பவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயரையும், அவர்கள் எந்த ஷாப்பில் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். விமானபுரம், அல்சூர், மர்பி டவுன் பக்கம் இன்னும் சில வீடுகளில் இப்படிப் பெட்டிகள் இருக்கும், அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.