கூட்ஸ் வண்டிக்குக் காத்திருக்கும் கேமராக்கள்

கேள்வி: ரயில் எஞ்சின்களைப் படமெடுப்பதில் எனக்கு மிகுந்த ஆர்வம். எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்குக் கால அட்டவணை இருக்கிறது; கூட்ஸ் வண்டிகளுக்கு இல்லை. எப்போது, எங்கே காத்திருப்பது?
– கல்லூரி மாணவர், திருப்பத்தூர்

பதில்: எக்ஸ்பிரஸ் வண்டிகளின் அட்டவணையையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வேகமான வண்டிக்கு வழிவிடுவதற்காகக் கூட்ஸ் வண்டியை நிலையத்தின் லூப் லைனில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் அதில் சேரும் பக்கப் பாதையில், ஒதுக்கி நிறுத்துவது வழக்கம். எக்ஸ்பிரஸ் கடந்து சென்று, முன்னால் பாதை காலியான பிறகே அதற்கு சிக்னல் கிடைக்கும். நின்ற இடத்திலிருந்து மெல்ல நகர்ந்து, தடம் மாற்றும் பாயிண்டுகளைத் தாண்டி மெயின் லைனில் ஏறும்போது, எஞ்சினுக்குப் பின்னால் வேகன்கள் ஒவ்வொன்றாக வளைந்து வரும் காட்சி, முழு வேகத்தில் பாய்ந்து செல்லும் வண்டியில் கிடைக்காது. நிலக்கரி ஏற்றிய, பாக்ஸ்-என் எனப்படும் மேல்திறந்த வேகன்கள் 58 கோத்த வண்டி ஏறக்குறைய 650 மீட்டர் நீளம் இருக்கும். அந்த நீளத்தைப் படத்தில் கொண்டுவர, வளைவின் உட்புறம் சற்றுத் தொலைவில் நின்று, தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. அளவிலான டெலி லென்ஸைப் பயன்படுத்துங்கள். ஓடும் வண்டிக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தால் எஞ்சின் எண் தெளிவாக விழும்.

உங்களுக்கு வாய்த்த இடமும் அருமையானது. ஜோலார்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் இடையே ஏலகிரி மலை கிழக்கே நிற்கிறது. மாலையில் பாதைக்கு மேற்கே நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து எஞ்சின்மீதும் மலைமீதும் ஒருசேர விழும். காலையில் அதே இடத்தில் எஞ்சின் கருநிழலாகத்தான் பதியும். பத்து ஊர்களுக்கு ஒருமுறை போவதைவிட, இந்த ஓரிடத்துக்குப் பத்து மாலைகள் போவதையே நான் விரும்பிப் பரிந்துரைப்பேன்.

கேள்வி: என் மகன் எஞ்சின்களில் எழுதியிருக்கும் எழுத்துகளை நோட்டில் குறித்து வருகிறான். அவற்றுக்கு என்ன பொருள்? எந்த எஞ்சினை முதலில் படமெடுக்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: டபிள்யூ.ஏ.ஜி. என்பதில் முதல் எழுத்து அகலப்பாதையையும், இரண்டாவது மாறுதிசை மின்சாரத்தையும், மூன்றாவது சரக்குப் பணியையும் குறிக்கும். டீசல் எஞ்சினில் நடு எழுத்து டி. மகன் எஞ்சின் எண்ணோடு, அதைப் பராமரிக்கும் ஷெட்டின் பெயரையும் குறிக்கட்டும். உங்கள் ஊரிலேயே பெரிய மின்சார லோகோ ஷெட் இருக்கிறது. பீகாரின் மாதேபுராவில் தயாராகும் 12,000 குதிரைத்திறன் டபிள்யூ.ஏ.ஜி.-12 இரண்டு எஞ்சின்களை இணைத்தது போன்ற தோற்றத்தால் எல்லோரையும் ஈர்க்கிறது. ஆயினும் 1984 முதல் ஓடத் தொடங்கிய டபிள்யூ.ஏ.ஜி.-5 எஞ்சின்களையே முதலில் படமெடுக்கச் சொல்லுங்கள்; அவை ஒவ்வொன்றாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டு வருகின்றன. டபிள்யூ.ஏ.ஜி.-12 இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

கேள்வி: தண்டவாளத்தின் அருகில் நின்று படமெடுப்பது குற்றமா?
– வாசகர், சேலம்

பதில்: அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம், 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நிலையத்துக்குள் என்றால் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் நேரில் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே கேமராவை வெளியே எடுங்கள். லெவல் கிராசிங் கேட்டுக்கு வெளியே உள்ள சாலையிலிருந்து எடுப்பதே எல்லாவற்றிலும் நல்லது. மேம்பாலத்திலிருந்து எடுப்பவர்கள் செல்ஃபி ஸ்டிக்கையோ, கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் மோனோபாடையோ கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டவே கூடாது. கீழே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது, அதைத் தொடாமல் நெருங்கினாலே உயிர் போய்விடும்.