ராணுவ அகாடமி வாழ்க்கை: பெற்றோரைக் கேட்பதா, மாணவரையா?

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி பற்றி யார் சொல்வதை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றாட வாழ்க்கை என்றால் மாணவர்தான். 'பீஸ்ட்' எனப்படும் முதல் கோடைப் பயிற்சியின்போது கைபேசி கையில் இருக்காது. வீட்டுக்குப் பெரும்பாலும் கடிதம்தான் வரும். "நலமாக இருக்கிறேன்" என்ற ஒற்றை வரியிலிருந்து அம்மா ஒரு முழுக் கதையையே கட்டிவிடுவார்! சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் இனிப்பைச் சம துண்டுகளாக வெட்டித் தருவது புதிய மாணவரின் வேலை; அதில் தடுமாறிய கையின் பதற்றம் அந்த வரியில் வராது.

ஆனால் முதலாண்டு மாணவரின் புலம்பலையும் பாதியாகக் குறைத்தே கேளுங்கள். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் ராணுவச் சேவைக்கு உறுதியளித்தாக வேண்டும். அதற்குமுன் விலகினால் ராணுவத்தில் பணியாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் கட்டத்தைக் கடந்தவரின் பேச்சில் நிதானம் இருக்கும். மருத்துவப் பரிசோதனை, படிவங்கள், பயணம் ஆகியவற்றுக்குப் பெற்றோரே மேல். மாணவர்கள் இவற்றை என்றோ மறந்திருப்பார்கள்.