காலை நீட்டுதல்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் இருபது வருடமாகப் பாடகர் குழுவை நடத்துகிறேன். 'இன்றைக்குப் பூசையில் பாட்டு நன்றாக இருந்தது' என்று யாராவது சொன்னால் உள்ளே ஒரு குளிர்ச்சி பரவுகிறது. உடனே குற்றவுணர்வு. 'எல்லாம் ஆண்டவருக்கே' என்கிறேன். அப்படிச் சொன்னதை நினைத்தும் ஒரு பெருமை வருகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சாமியார் சிரிக்கிறார். தினமும் தாழ்ச்சிக்காக மன்றாடுகிறேன். யாருக்கும் நான் பாரமாக இருந்ததில்லை. போன மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோதுகூட அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவில், யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர்களையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அகங்காரம் போகவில்லை. அதை ஜெயிப்பது எப்படி? கோவிலுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஆர்மோனியத்தில் என் பெயர் இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆர்மோனியத்தில் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். நம் கோவில்களில் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு டியூப்லைட்டில் 'உபயம்' எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரால் ஒரு சுரமும் கெட்டுவிடாது. அழிக்கச் சொன்னால் அதையும் நாலு பேர் பார்ப்பார்கள். 'என்ன தாழ்ச்சி!' என்பார்கள். அதற்கும் நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

பாராட்டு விஷயமும் அப்படித்தான். பெருமையை விரட்டினால், விரட்டிய பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று ஏதோ உங்களுக்கு மட்டும் வந்த நோய் போல எழுதியிருக்கிறீர்கள். 5ஆம் நூற்றாண்டிலேயே யோவான் காசியன் என்ற துறவி இதை வெங்காயத்தோடு ஒப்பிட்டுவிட்டார். பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக அவர் எழுதியது அது. ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். நல்ல துணி உடுத்தினாலும் வரும், கந்தல் உடுத்தினாலும் வரும். எகிப்துப் பாலைவனத்தில் ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்த துறவிகளுக்கே வந்தது என்றால் பாடகர் குழுவுக்கு வராதா? தாழ்ச்சி என்றால் உண்மையில் நடப்பது என்றார் ஸ்பெயின் நாட்டுத் துறவியான அவிலா தெரேசா. பாட்டு நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால், 'ஆமாம், இன்றைக்குச் சுருதி சேர்ந்தது' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். சாமியார் சிரித்தது சரிதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த முழங்கால். தூக்குப் பாத்திரத்தோடு வாசல்வரை வந்த பெண்களைத் திருப்பி அனுப்பியதை உங்கள் தாழ்ச்சிக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. கடிதத்தில் இருக்கும் ஒரே அகங்காரம் அதுதான். அதை நீங்கள் நல்ல மதிப்பெண் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். இருபது வருடம் கற்றுக்கொடுக்கிற இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். வாங்கிக்கொள்கிற பக்கம் வந்து நிற்கக் கால் கூசுகிறது. யாருக்கும் கடன்படாமல் இருப்பதற்குப் பெயர் தாழ்ச்சி இல்லை அம்மா. அந்தப் பெண்கள் அன்றைக்கு அந்த ரசத்தையும் கூட்டையும் என்ன செய்தார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

பேதுரு செய்ததும் இதுதான். யோவான் நற்செய்தியில் கடைசி இராவுணவின்போது இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றிவைத்து, துண்டை இடுப்பில் கட்டி, சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அங்கேதான் இருக்கிறான். அவன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. மறுப்பது பேதுருதான், நீர் என் கால்களைக் கழுவ விடவே மாட்டேன் என்று. கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கு இல்லை என்கிறார் இயேசு. இதைவிடக் கடுமையாக அந்த இரவில் யூதாசிடம்கூட அவர் பேசவில்லை. உடனே பேதுரு மறு ஓரத்துக்குத் தாவுகிறார். அப்படியென்றால் கை, தலை எல்லாவற்றையும் கழுவும் என்கிறார். மறுப்பதிலும் அவரே முதல், கேட்பதிலும் அவரே முதல். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அங்கே அவர் காட்டியது பணிவு இல்லை.

நாம் எப்போதும் குனிகிறவரைத்தான் பார்க்கிறோம். 2013இல் போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த மாதத்திலேயே ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் கால்களைக் கழுவினார். இரண்டு பெண்கள் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். இயேசு செய்ததன் நினைவாக ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று நடக்கும் சடங்கு அது. விதிப்படி அப்போது ஆண்களின் கால்களைத்தான் கழுவலாம். விதி மாறியது 2016இல். எல்லாரும் போப்பின் தாழ்ச்சியைப் பேசினோம். நானும் ஒரு கட்டுரை எழுதினேன். முன்பின் தெரியாத ஒரு கிழவர் தரையில் மண்டியிட்டுப் பாதத்தில் முத்தமிடும்போது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இதை எழுதும்போது எனக்கு வேறொரு கால் ஞாபகம் வருகிறது.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். பெரிய வியாழன் பூசையில் தண்ணீர்ச் செம்பு பிடிக்கும் வேலை எனக்கு. பன்னிரண்டு பேரும் ஊரில் சொல்லும்படியான ஆட்கள். வீட்டிலேயே பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, நகம் வெட்டி, சோப்பு வாசனையோடு வந்திருந்தார்கள். கழுவிய காலைத்தான் சாமியார் கழுவுவார். தாம்பாளத்துத் தண்ணீர் ஊற்றியபடியே கிடக்கும். அன்று ஒருவர் வரவில்லை. பூசை தொடங்குகிற நேரத்தில், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை வெளியே ஓடி, கடைசியில் தூணோரம் நின்றிருந்த ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்.

சாமியார் அவர் முன்னால் மண்டியிட்டதும் அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நம் ஊரில் பெரியவர்கள் முன்னால் காலை நீட்டி உட்காருவதே மரியாதைக் குறைவு. சாமியாரின் முகத்துக்கு நேரே எப்படி நீட்டுவார்? 'வேண்டாம் சாமி, வேண்டாம் சாமி' என்றார். சாமியார் கணுக்காலைப் பிடித்து இழுத்து வைத்துக் கழுவினார். குதிகால் வெடிப்பில் விரலே நுழையும் போலிருந்தது. தண்ணீர் செம்மண் நிறமானது. என் செம்பு காலியாகி, இன்னொரு செம்பு கொண்டுவந்தார்கள். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊரில் ஒரு வாரம் சாமியாரின் தாழ்ச்சிதான் பேச்சு.

பூசை முடிந்து தாம்பாளத்தைக் கோவிலுக்குப் பின்னால் எடுத்துப் போனபோது அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"அதை எங்க ஊத்தப் போற?"

"செம்பருத்திக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஊர் பாக்க என் காலைக் காட்ட வச்சிட்டாங்கடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் பெரிய வியாழனன்று அவர் வரவில்லை. அதற்கடுத்த வருடமும்.

பேதுருவைப் பற்றி மேலே எழுதியதை நான் பல தியானக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அப்படி ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இவர் நினைவுக்கு வந்தார். என் கணக்குப்படி இவரும் பேதுரு, இவருக்கும் பங்கு இல்லை. வாய் அடைத்துப் போனது. ஏதோ சொல்லி அன்றைய கூட்டத்தை முடித்தேன்.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கோவிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1872இல் கட்டியது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து போகும் இரண்டு நீள மண்டபங்கள், ஒரு சாதிக்கு ஒன்று. பீடத்தில் நிற்கும் சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பிரித்து வைத்த தடுப்பை 1910இல் இடித்தபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தலையான பாவங்கள் ஏழு, முதலாவது அகங்காரம் என்று ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்து வளர்ந்தவர்கள்தான் எல்லாரும். அவரவர் நெஞ்சுக்குள் தேடியிருப்பார்கள், உங்களைப் போலவே விளக்கு வைத்துக்கொண்டு. அகங்காரம் வெளியே கல்லும் சுண்ணாம்புமாக நின்றது. பிறந்ததிலிருந்து தூணோரம் நிறுத்தப்பட்டவரிடம் போய்த் தாழ்ச்சி பற்றிப் பேச எனக்கு இப்போது நா எழுவதில்லை. அவரை யாரும் கேட்கவில்லை. உட்காருகிறாயா, கழுவட்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் அவரே வீட்டுக்குப் போய் ஒரு கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருப்பாரோ என்னவோ.

ஆனால் நீங்கள் தூணோரம் நிற்கிறவர் இல்லை. முன்வரிசையில், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். உங்களைக் கேட்டார்கள். வாசல்வரை வந்து கேட்டார்கள். அதனால் அவருக்குக் கொடுக்கிற சலுகையை உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்.

முழங்கால் இன்னும் முழுதாக மடங்கவில்லை அல்லவா? நாளைக்கு, அந்தத் தூக்கோடு வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, கடைக்குப் போகும்போது எனக்கும் அரை லிட்டர் பால் வாங்கி வர முடியுமா என்று கேளுங்கள். வந்ததும் காசைக் கையில் திணித்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள். மறுநாள் கொடுத்தால் போதும். ஒரு இரவு கடன்பட்டுத் தூங்குங்கள்.